கிணறு வெட்டாமலே கிளம்பிய பூதம்

அமெரிக்க நிலவறை விளையாட்டில் கொல்லப்படும் நாகத்துக்குப் பிறந்த வீடு இந்தியா. இங்கே புற்றுக்குப் பால் வார்க்கிறார்கள், அங்கே தலைக்குப் புள்ளி தருகிறார்கள். நடுவில் தவிப்பது நிஜப் பாம்பு.

பகடைக்கு இருபது முகங்கள். மேஜை மீது உருண்டு 17ல் நின்றால் வீரனின் வாள் நாகத்தின் கழுத்தில் இறங்கும். 3ல் நின்றால் அவன் பாடு திண்டாட்டம். நாகத்தின் பார்வையில் கட்டுண்டு, அது சொன்னதைச் செய்யும் அடிமையாகிவிடலாம். அந்த நாகத்துக்கு மனித முகம், பாம்பு உடல், மந்திரங்களில் தேர்ச்சி. வசிப்பது நிலத்துக்கு அடியில், எல்லோரும் மறந்துபோன ஓர் இடிபாட்டில். அதற்குப் பின்னால் புதையல். கொன்றால் புதையலும் உண்டு, அனுபவப் புள்ளிகளும் உண்டு.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நிலவறைகளும் டிராகன்களும் என்று பொருள். பிறந்த ஊர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனிவா. அரை நூற்றாண்டில் உலகத்தைச் சுற்றிவந்து, சாஃப்ட்வேர் இளைஞர்கள் குடியேறிய நகரங்களில் எல்லாம் கால் பதித்துவிட்டது. ஹைதராபாத்தும் அதற்கு விலக்கல்ல. ஆட்டத்துக்கு வேண்டியது காகிதம், பென்சில், பகடை, நாலைந்து நண்பர்கள், ஒரு நீண்ட மாலைப் பொழுது. ஒருவர் கதை சொல்லி நடத்துவார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக வேடம் ஏற்பார்கள். நிலவறை, தீப்பந்தம், படிக்கட்டு, பூதம் எல்லாமே வாய்ப்பேச்சில்தான்.

அதே ஹைதராபாத்தில் நாகத்துக்கு வேறொரு முகமும் உண்டு. தீபாவளி அமாவாசைக்கு அடுத்த நான்காம் நாள் நாகுல சவிதி. அன்றும், ஆவணியை ஒட்டி வரும் நாக பஞ்சமியிலும் தெலுங்கு வீட்டுப் பெண்கள் மஞ்சள், குங்குமம், பால், முட்டையோடு புற்றைத் தேடிப் போகிறார்கள். குழந்தை வரம் கேட்கிறார்கள். அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். பேத்தியின் மேஜையில் நாகம் பூதம். பாட்டியின் புற்றில் நாகம் தெய்வம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இது தற்செயலாக அமைந்த பெயர் ஒற்றுமை அல்ல. பாட்டியின் நாகம்தான் கடல் கடந்து போய் வேலை மாறித் திரும்பியிருக்கிறது.

பொம்மைப் பையில் பிறந்தவை

கேரி கைகாக்ஸ் சிகாகோவில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். குட்டிப் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டில் பித்து. மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசனுக்கும் அதே பித்து. படைகளை மோதவிட்டு அலுத்துப்போன ஆர்னிசன், ஆளுக்கு ஒரு வீரன் என்று பிரித்துக்கொடுத்து, கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்க அறைகளுக்குள் அவர்களை இறக்கிவிட்டார். இருட்டில் ஒவ்வொரு கதவாகத் திறந்து போவது போரைவிடச் சுவையாக இருந்தது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய விதிகள் 1974ல் அச்சாயின. முதல் பதிப்பு 1,000 பிரதிகள்.

நிலவறை என்றால் கதவுக்குக் கதவு ஒரு பூதம் வேண்டும். ஒரே பூதம் திரும்பத் திரும்ப வந்தால் ஆட்டக்காரர்களுக்குச் சலித்துவிடும். கைகாக்ஸ் எங்கிருந்தெல்லாம் ஆள் பிடித்தார் என்பது இந்த விளையாட்டின் ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் கதை. ஹாங்காங்கில் தயாரான மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகள் ஒரு பை அவர் கையில் கிடைத்தது. என்ன மிருகம் என்று யாருக்கும் புரியாத உருவங்கள். அவற்றில் ஒன்று இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதமாயிற்று. இன்னொன்று ஆந்தைத் தலை கொண்ட கரடி. மற்றொன்று, முதுகில் துடுப்போடு மண்ணுக்கு அடியில் சுறாவைப்போல் நீந்திவந்து காலடியில் வாயைப் பிளக்கும் 'புலெட்'. ஒரு பை பொம்மையில் மூன்று பூதங்கள் பிறந்தன. யாருடைய பாட்டியும் அவற்றைக் கும்பிட்டதில்லை. எனவே யாருக்கும் வருத்தமும் இல்லை.

பொம்மைப் பை காலியானதும் புராணங்களின் முறை வந்தது. கிரேக்கத்தில் இருந்து மெதூசா, அரேபியாவில் இருந்து ஜின், இந்தியாவில் இருந்து நாகமும் ராட்சசனும். 1977ல் கைகாக்ஸ் எழுதி வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் 350க்கும் மேற்பட்ட பூதங்கள் அகர வரிசையில் அணிவகுத்தன. ஒவ்வொன்றுக்கும் உயரம், வேகம், அடி தாங்கும் சக்தி, வைத்திருக்கும் சொத்து என்று ரேஷன் கார்டு போல விவரங்கள்.

அதில் நாகம் மூன்று வகை. நன்னீரில் வாழும் நீர் நாகம், யார் வம்புக்கும் போகாதது. புனித இடங்களையும் புதையலையும் காக்கும் காவல் நாகம், நல்லது. இடிபாடுகளிலும் நிலவறைகளிலும் வாழும் ஆவி நாகம், கடைந்தெடுத்த தீயது. மூன்றுக்கும் மனித முகம். ராட்சசனுக்குக் கிடைத்தது புலித்தலை. புலி முகத்தோடு, சாவகாசமாகக் குழாய் புகைக்கும் கனவானாக அவன் வரையப்பட்டிருந்தான். மதகுருவால் ஆசீர்வதிக்கப்பட்ட அம்பு தைத்தால் மட்டும் ஒரே அடியில் சாவான். இந்த விதி எந்தப் புராணத்திலும் இல்லை. 1974ல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்க டி.வி. தொடரில் ஒரு ராட்சசன் இப்படித்தான் சாகிறான். வால்மீகி இலங்கைக்கு அனுப்பிய ராட்சசன் அமெரிக்காவுக்கு டி.வி. வழியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறான்.

1980ல் தெய்வங்களுக்கும் தனிப் புத்தகம் வந்தது. இந்திரன், அக்னி, காளி, கார்த்திகேயன் எல்லோருக்கும் அதில் உயிர்ப்புள்ளிக் கணக்கு உண்டு. எத்தனை வெட்டு வெட்டினால் முருகன் வீழ்வான் என்ற கணக்கு சூரபத்மனுக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

இதில் கோபப்பட எதுவும் இருக்கிறதா? கைகாக்ஸும் நண்பர்களும் கேலி செய்யக் கிளம்பியவர்கள் அல்ல. நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் ஆசையோடு வாரிக்கொண்டவர்கள். கிரேக்கத் தெய்வங்களுக்கும் வட ஐரோப்பியத் தெய்வங்களுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. ஆனால் 2014ல் வெளியான ஐந்தாம் பதிப்பின் பூத நூலில் ஒரு வேடிக்கை நடந்தது. நாகங்களுக்கு அங்கே புதிய பிறப்புச் சான்றிதழ் எழுதப்பட்டது. முன்னொரு காலத்தில் வாழ்ந்து, வரலாற்றில் இருந்தே மறைந்துபோன ஒரு மனித இனம் தன் செல்வத்தைக் காக்க நாகங்களைப் படைத்ததாம். அந்த இனம் அழிந்த பின் நாகங்கள் தாங்களே வாரிசு என்று உட்கார்ந்துகொண்டனவாம்.

நாகத்தைப் படைத்த மக்கள் மறைந்துபோகவில்லை. ஹைதராபாத்தில் பஸ் ஏறி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பாதாளத்தில் வெளிச்சம்

விளையாட்டின் நிலவறைக்கும் இந்தியக் கதைகளின் பாதாளத்துக்கும் உள்ள வேறுபாடு, வீட்டுக்கும் ஜெயிலுக்கும் உள்ள வேறுபாடு. அதலம் தொடங்கிப் பாதாளம் வரை கீழுலகங்கள் ஏழு. விஷ்ணு புராணத்தில் நாரதர் கீழே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, இந்திரலோகத்தைவிட அது அழகு என்று தேவர்களிடமே சொல்கிறார். பாகவதம் சொல்லும் பாதாளத்தில் சூரியன் கிடையாது, ஆனால் இருட்டும் கிடையாது. நாகங்களின் படத்தில் இருக்கும் மணிகளே விளக்கு. அங்கே நாகம் காவல்காரன் அல்ல. வீட்டுக்காரன்.

தமிழில் இதற்கு 'பிலம்' என்று ஒரு சொல்லே உண்டு. பூமிக்குள் இறங்கும் குகைவழி. கம்பன் கிட்கிந்தா காண்டத்தில் அதற்காக ஒரு படலமே ஒதுக்கியிருக்கிறான். சீதையைத் தேடிப் போகும் வானர வீரர்கள் தாகத்தோடு ஒரு பிலத்துக்குள் நுழைகிறார்கள். கும்மிருட்டு. அனுமனின் வாலைப் பற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். இதுவரை அப்படியே லேக் ஜெனிவா பாணி ஆட்டம்தான். ஆனால் உள்ளே அவர்கள் காண்பது பொன்மயமான ஒரு நகரம், அங்கே தவம் செய்யும் சுயம்பிரபை என்ற பெண். அவள் விசாரிக்கிறாள், விருந்து தருகிறாள், வெளியேற வழி கேட்கிறாள். அனுமன் பேருரு எடுத்துப் பிலத்தைப் பிளந்துகொண்டு வெளிவருகிறான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை இதைவிடப் பொருத்தம். கப்பல் உடைந்து நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான் அந்த வணிகன். அங்கே வாழும் நாகர்கள் மனித மாமிசம் தின்பவர்கள். அவனைப் பிடித்துக் கொன்று தின்ன நெருங்குகிறார்கள். சாதுவனிடம் வாள் இல்லை. அவனுக்கு நாகர் மொழி தெரியும். அந்த மொழியில் பேசுகிறான். கொல்ல வந்தவர்கள் அவனைத் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். தலைவன் அவன் சொல்லும் அறத்தைக் கேட்டு மனம் மாறி, பொன்னும் பொருளும் கொடுத்து வழியனுப்புகிறான். புதையல் கிடைத்துவிட்டது. பூதமும் சாகவில்லை. இதைச் சாதித்தது மொழிபெயர்ப்பு.

நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பிரசாதம் கருவறை மண். பாதாளத்தின் ஒரு பிடி. வீட்டுக்கு எடுத்துப்போகலாம், நெற்றியில் பூசலாம்.

பெயர்ப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. 2019ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கண்டெடுத்த ஒரு மீனை ஆராய்ச்சியாளர்கள் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். விரால் மீனுக்குத் தூரத்து உறவு. நிலத்தடி நீரிலேயே காலம் தள்ளுவது. வெள்ளம் பெருகும்போதும் கிணறுகளிலும் மட்டும் தலைகாட்டுவது. அதற்கு இட்ட பெயர் 'கொல்லம்' போல ஒலிக்கும் 'கோலம்'. 1937ல் டோல்கீன் எழுதிய கதையில் பூமிக்கடியில் இருட்டு ஏரிக்கரையில் வாழும் விசித்திரப் பிறவியின் பெயர் அது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் பாதை போட்ட கதைகளில் முக்கியமானது டோல்கீனுடையது. அதே 2019ல் திருவல்லாவில் ஒரு கிணற்றில் கிடைத்த அதே வகை மீனுக்கு வேறு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் மகாபலி. வாமனனால் பாதாளத்துக்கு அழுத்தப்பட்ட, ஆண்டுக்கு ஒருமுறை மேலே வருகிற, கேரளமே கோலமிட்டு வரவேற்கிற மன்னன். கிணற்றுக்குள்ளிருந்து கிளம்பியது ஒன்றே. ஒரு கூட்டத்துக்கு அது இருட்டில் பதுங்கும் பிறவியாகத் தெரிந்தது. இன்னொரு கூட்டத்துக்கு நாடிழந்த ராஜாவாகத் தெரிந்தது.

நல்ல பாம்பு

விளையாட்டில் ஒவ்வொரு பிறவிக்கும் குணம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நல்லது, தீயது, இரண்டுமற்றது. தீயது என்று எழுதியிருந்தால் வெட்டலாம். யோசிக்க வேண்டியதில்லை. தமிழும் ஒரு குணப்பட்டியல் வைத்திருக்கிறது. கடித்தால் உயிரைப் பறிக்கும் பாம்புக்குத் தமிழன் வைத்த பெயர் நல்ல பாம்பு. பயத்தில் வைத்த பெயரா, பக்தியில் வைத்த பெயரா என்று தமிழாசிரியர்கள் வாதாடலாம். அதோடு சேர்ந்தே வாழ வேண்டியிருந்தவர்கள் வைத்த பெயர் என்பதில் சந்தேகம் இல்லை.

விளையாட்டை நடத்துபவர்களுக்கும் இந்த யோசனை மெல்ல வந்திருக்கிறது. பூதத்தைக் கொல்லாமல் பேசியோ ஏமாற்றியோ கடந்து போனாலும் புள்ளி தரலாம் என்பது பின்னாளைய விதிகளில் இடம்பெற்றது. ஒரு இனத்தையே பிறவித் தீயது என்று முத்திரை குத்துவதைத் திருத்தப்போவதாக, விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020ல் அறிவித்தது. 2022ல் அது வெளியிட்ட கதைத் தொகுப்பு ஒன்றில் வங்கத்து ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் நினைவூட்டும் 'சங்கபூமி' என்ற நாடு இடம்பெற்றது. எழுதியவர் கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல். வீட்டுக்காரர்களே வந்து வீட்டைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

அதற்காக நம் கதைகள் எல்லாம் நாகத்தைத் தாலாட்டியவை என்று சொல்லிவிட முடியாது. கண்ணன் காளிங்கன் தலைமேல் ஆடினான். மகாபாரதத்தில் அதைவிடக் கொடிய கணக்கு இருக்கிறது. காண்டவ வனத்தை அக்னிக்கு உணவாக்கக் கிருஷ்ணனும் அர்ச்சுனனும் துணை நிற்கிறார்கள். காட்டைவிட்டு ஓடும் உயிர்களை மடக்கி நெருப்புக்கே திருப்புகிறார்கள். நாகராஜன் தட்சகன் அன்று ஊரில் இல்லை. அவன் மனைவி மகனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறாள். தப்பிய மயன் நன்றிக்கடனாகப் பாண்டவர்களுக்குக் கட்டிக்கொடுத்ததுதான் கண்டவர் மயங்கும் அந்தச் சபா மண்டபம்.

ஆனால் வியாசர் புள்ளி கொடுத்துவிட்டு அடுத்த கதவுக்கு நகரவில்லை. தட்சகன் காத்திருந்து, அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்தைக் கடித்துக் கொல்கிறான். பரீட்சித்தின் மகன் ஜனமேஜயன் உலகத்துப் பாம்புகளை எல்லாம் நெருப்பில் இழுத்துப்போடும் யாகம் நடத்துகிறான். அதைத் தடுத்து நிறுத்துபவன் ஆஸ்திகன். தந்தை மனிதன், தாய் நாக கன்னி. மகாபாரதம் முழுவதும் சொல்லப்படுவதே இந்த யாகசாலையில்தான். காட்டை எரித்துச் சபை கட்டினால் கணக்கு எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதை நெருப்பின் ஓரத்தில் உட்கார்ந்தே ஜனமேஜயன் கேட்கிறான்.

கொண்டாப்பூரின் காண்டவம்

தெலுங்கில் 'கொண்ட' என்றால் மலை. கொண்டாப்பூர் மலையூர். 250 கோடி ஆண்டு வயதான கிரானைட் பாறைகளும், இடையிடையே முட்புதரும் புல்வெளியுமாகக் கிடந்த பூமி. பக்கத்து ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் கட்டடம் 1998ல் திறக்கப்பட்ட பிறகு, பாறையை வெடிவைத்துத் தகர்த்து அடுக்குமாடிகள் எழுந்தன. கொத்தகூடா காப்புக்காட்டில் அமைந்த தாவரவியல் பூங்கா ஒன்றுதான் பழைய பூமி எப்படி இருந்தது என்பதற்கு அங்கே மிஞ்சிய சாட்சி.

நிஜ நாகத்தின் வீடு இந்தப் பாறை இடுக்கும் புற்றும்தான். நல்ல பாம்புக்கு வளை தோண்டத் தெரியாது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறுகிறது. இல்லையென்றால் எலி வளை. அஸ்திவாரம் தோண்டும் இயந்திரம் புற்றை ஒரே வாரில் அள்ளிவிடுகிறது. வீடிழந்த பாம்பு எலியைத் தேடி, குளிர்ச்சியைத் தேடிக் கார் நிறுத்தும் அடித்தளத்துக்கு வருகிறது. அடுக்குமாடிக்கு அடியில் ஒரு நிலவறை, அதற்குள் ஒரு நாகம். விளையாட்டு கற்பனை செய்த காட்சி அப்படியே நிஜமாகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் யாராவது ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஸ்னேக்ஸ் சொசைட்டிக்கு போன் செய்வார்கள். ஹைதராபாத்தில் பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடும் தொண்டர் அமைப்பு அது. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் வாட்ச்மேனின் கம்பு.

2025ல் காண்டவம் கொண்டாப்பூரின் பக்கத்து ஊரிலேயே நடக்கப் பார்த்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தை வளர்ச்சிப் பணிக்கு எடுக்க மாநில அரசு முனைந்தது. மார்ச் இறுதியில் இயந்திரங்கள் இறங்கி மரங்களைச் சாய்த்தன. மாணவர்கள் போராடினார்கள். ஏப்ரல் 3ம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வேலையை நிறுத்தச் சொன்னது. அந்த நிலத்தில் மான்களும் மயில்களும் இருப்பதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. மண்ணுக்கு அடியில் இருப்பவற்றுக்குப் படம் எடுக்க ஆளில்லை.

பயமும் பொய்யல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தவர்கள், வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள். ஆந்திரமும் தெலங்கானாவும் அதிக உயிரிழப்புப் பட்டியலில் உள்ளவை. 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. நாகத்தைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு தீராது. பூதம் என்று சொல்லி அடித்துக் கொன்றாலும் தீராது.

பக்தியும் பாம்புக்கு நன்மை செய்வதாகச் சொல்ல முடியாது. பாலைச் செரிக்கும் திறன் பாம்புக்குக் கிடையாது. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதிரே இருப்பதைக் குடிக்கும், அவ்வளவுதான். நாக பஞ்சமிக்குப் பால் குடிக்கவைப்பதற்காகவே பாம்புகளைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, பட்டினி போட்டு வைத்திருக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. புற்றுக்குள் ஊற்றும் பால் உள்ளே இருப்பதை நனைக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. ஆட்டக்காரன் வாளோடு வருகிறான், பக்தன் சொம்போடு வருகிறான். உள்ளே இருப்பது என்ன என்று இருவருமே பார்ப்பதில்லை.

கடப்பாரையோடு இறங்குபவர்கள்

பார்ப்பவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களில் வாழும் இருளர்கள் மண்ணில் பாம்பு ஊர்ந்த தடம் பார்த்து வளையைக் கண்டுபிடிப்பவர்கள். கையில் ஒரு கடப்பாரையும் பையும் போதும். ஒரு காலத்தில் பாம்புத்தோலுக்காகப் பிடித்தார்கள். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976ல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. 1978ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது.

சங்கத்தின் வேலை எளிமையானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் உயிரோடு பிடித்துவருகிறார்கள். பானையில் வைத்து, சில வாரங்களுக்கு அவ்வப்போது விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் அதற்குத் தொல்லை இல்லாமல் திருப்பி விடுவதற்காக. இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கத்தில் இருந்து போனதுதான்.

2017 ஜனவரியில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். ஃபுளோரிடாவில் வளர்ப்புப் பிராணிகளாக வந்து காட்டுக்குத் தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்த மண்ணின் சிறு விலங்குகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன. அமெரிக்கர்கள் நாய்களை ஏவிப் பார்த்தார்கள், பரிசுப் போட்டி வைத்துப் பார்த்தார்கள். பாம்பு கண்ணில் படவில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்குத் துறையும் அழைத்ததன்பேரில் போன இந்த இருவரும் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. அது பதுங்கியிருந்த இடம், கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாடு.

எல்லோரும் மறந்துபோன இடிபாடு, உள்ளே ஒரு பெரும் சர்ப்பம், இருட்டில் இறங்கும் இரண்டு பேர். லேக் ஜெனிவாவில் எழுதிய ஆட்டம் அமெரிக்க மண்ணிலேயே நிஜமாக நடந்தது. பகடை மட்டும் இல்லை. அந்த மலைப்பாம்புகளுக்கு மன்னிப்பு இல்லை. வேற்று மண்ணில் புகுந்து மற்ற உயிர்களை அழித்தவை என்பதால் அவற்றை மறுபடி காட்டில் விடவில்லை. எதைக் கொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அது எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். குணம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை.

2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

புதையலை நாகம் காக்கிறது என்ற கதை ஒரு விதத்தில் உண்மை. ஊருக்கு ஊர் மாறும் அந்தக் கதையில் யாரும் சொல்லாமல் விட்டது, புதையல் நாகத்துக்குப் பின்னால் இல்லை என்பதைத்தான். அதன் பல்லுக்குப் பின்னால், சில துளி மஞ்சள் திரவமாக இருக்கிறது. வடநெம்மேலியில் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கோ ஒரு வயல்வரப்பில் கடிபட்ட ஒருவருக்கு அது மருந்தாகப் போய்ச் சேரும். நாகம் மறுபடியும் ஒரு புற்றைத் தேடிப் போகும். புற்று என்று ஒன்று மிச்சம் இருந்தால்.